அடிக்கடி வருத்தம் வாற பிள்ளையும் நிர்ப்பீடனமும்: திருகோணமலையில என்னட்ட கேக்கிற கேள்வியளும் பதிலும்

நான் திருகோணமலையில ஏ.எல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். டொக்டர் இல்ல, அதை முதலே சொல்லிப்போடுறன். என்ட பெறாமகனுக்கு, அதாவது அக்காட மகனுக்கு, பிறப்பிலயே நோய் எதிர்ப்புக் குறைபாடு எண்டு அவனுக்கு நாலரை வயசாகேக்கதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதுக்குப் பிறகு கிளினிக் வாங்கில, பஸ்ஸில, ஸ்கூல் வாசல்ல எண்டு கண்ட கண்ட இடத்தில ஆக்கள் என்னை நிப்பாட்டிக் கேட்ட கேள்வியளையும், நான் சொன்னதையும், சொல்ல மறந்து பிறகு யோசிச்சதையும் இதில எழுதியிருக்கிறன்.

டீச்சர், நோய் எதிர்ப்பு சக்தி எண்டு சொல்லுறாங்களே, அது உடம்பில எங்க இருக்கு?

ஒரு இடத்தில இல்ல. பாடப்புத்தகத்தில நிர்ப்பீடனம் எண்டு இருக்கும், பேர் பயமா இருந்தாலும் விசயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். உப்புவெளிக் கடற்கரையில வெறுங்காலோட ஓடுற பிள்ளைக்கு மீன் முள்ளுக் குத்துது எண்டு வைங்க. தோல்தான் முதல் மதில், அது உடைஞ்சு போச்சு, பற்றீரியா உள்ள போச்சு. கொஞ்ச மணித்தியாலத்தில அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, தொட்டா விண் விண் எண்டு வலிக்கும். அது பற்றீரியா செய்யிற வேலை மட்டும் இல்ல, கூடுதலா உங்கட உடம்பு செய்யிற வேலை. ரத்தக் குழாய் விரிஞ்சு வெண்குழியங்கள் அந்த இடத்துக்கு இறங்கி வருது. அதில நியூட்ரோபில் எண்டு ஒரு வகை, எலும்புக்குள்ள இருக்கிற மச்சை ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட பத்தாயிரம் கோடி நியூட்ரோபில் செய்து விடுது, அதுகள் பற்றீரியாவை விழுங்கித் தானும் செத்துப் போகும். ரெண்டு நாளைக்குப் பிறகு புண்ணில மஞ்சளா வாற சீழ் இருக்கே, அதில பெரும்பகுதி செத்துப்போன அந்த வெண்குழியங்கள்தான்.

அதே நேரம் தொடை இடுக்கில நெறி கட்டும். அம்மம்மாமார் காலில புண் வந்தா உடன இடுக்கைத் தடவிப் பாத்து "நெறி கட்டியிருக்கு" எண்டு சொல்லுவினம், அது சரியான கணிப்பு. நெறி எண்டது நிணநீர்க்கணு. உள்ள வந்த கிருமியிட துண்டுகளை அங்க கொண்டுபோய்க் காட்டி, இதுக்குப் பொருந்துற நிணநீர்க்குழியம் ஆரிட்ட இருக்கு எண்டு தேடி, கண்டுபிடிச்சதும் அதைப் பெருக்குற இடம். பெருகிறதாலதான் வீங்குது. அங்க ரெண்டு வகை முக்கியம். பி கலம் எண்டது பிறபொருளெதிரி செய்யிறது, ஆங்கிலத்தில அன்டிபொடி எண்டு சொல்லுறது. டி கலம் எண்டது கிருமி புகுந்த கலங்களைக் கொல்லுறது, மற்றக் கலங்களுக்கு என்ன செய்யோணும் எண்டு சொல்லுறது. டி கலம் நெஞ்செலும்புக்குப் பின்னால இருக்கிற தைமசு சுரப்பியில பழகி வருது. மண்ணீரல், டொன்சில், குடல் சுவர் எல்லாத்திலயும் இந்த வேலை நடக்குது.

இந்த நெறி விசயத்தை மனசில வச்சிருங்க, கீழ திரும்ப வரும்.

அம்மாளாச்சி ஒருக்கா வந்தா திரும்ப வாறேல்ல, தடிமன் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருது?

பி கலமும் டி கலமும் சண்டை முடிஞ்சாப் பிறகு எல்லாம் சாகிறேல்ல, கொஞ்சம் நினைவுக் கலமா வருசக்கணக்கா இருக்கும், அதே கிருமி திரும்ப வந்தா நீங்க உணர முன்னமே முடிச்சுப்போடும். அம்மாளாச்சி எண்டு சொல்லுற கொப்பளிப்பானை உண்டாக்கிற வைரசு ஒரே வகை. தடிமனுக்கு இருநூறுக்கு மேல வைரசு இருக்கு, ஒண்டுக்கு எதிர்ப்பு வந்தா மற்றது காத்துக்கொண்டு நிக்கும்.

டெங்குவை இதில சேத்து விளங்கிக்கொள்ளுங்க, ஏனெண்டா 2017ல கிண்ணியா, திருகோணமலைப் பக்கம் டெங்கு அடிச்ச அடி எங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அதில நாலு வகை வைரசு. ஒண்டு வந்து மாறினா அந்த வகைக்கு மட்டும்தான் நீண்ட காலப் பாதுகாப்பு. ரெண்டாவது தடவை வேற வகை வந்தா, பழைய பிறபொருளெதிரி அந்த வைரசோட அரைகுறையா ஒட்டி, அது வெண்குழியத்துக்குள்ள போறதுக்கே உதவி செய்யும். அதாலதான் ரெண்டாவது டெங்கு கூட ஆபத்து எண்டு சொல்லுறது. "எனக்கு முதலே வந்தது, இனி பயமில்ல" எண்டு ஆரும் சொன்னா தயவுசெய்து திருத்துங்க. டெங்கில பிளேட்லெட், வெண்குழியம் குறையிறது அந்த நேரத்து விசயம், அதுக்கும் பிறப்பில வாற எதிர்ப்புக் குறைபாட்டுக்கும் தொடர்பில்ல.

தடுப்பூசியும் நாய்க்கடி ஊசியும் ஒண்டா?

விசர்நாய்த் தடுப்பூசி உங்கட உடம்புக்குப் பழக்கிக் குடுக்கிறது, பழக நாளெடுக்கும். கடி கடுமையா இருந்தா அதோட குடுக்கிற சீரம் வேற ஆள் அல்லது குதிரை செய்து வச்ச பிறபொருளெதிரி, உடன வேலை செய்யும், கொஞ்ச வாரத்தில தீந்துபோகும். இதை ஏன் சொல்லுறன் எண்டா என்ட பெறாமகனுக்கு மாசாமாசம் ஏத்துறதும் இப்பிடி ஆயத்தமா வாற பிறபொருளெதிரிதான், அவனுக்குச் சொந்தமாச் செய்ய ஏலாது.

என்ட மகளுக்கு மூண்டு வயசு, நேசரிக்குப் போகத் தொடங்கினதில இருந்து மாசத்துக்கு ஒருக்கா தடிமன், காய்ச்சல். இவவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லையோ?

இதுதான் என்னட்ட கூடுதலா வாற கேள்வி. பெரும்பாலும் பயப்பட ஒண்டும் இல்ல அம்மா. நல்ல சுகமான சின்னப் பிள்ளைக்கு வருசத்தில ஆறு எட்டுத் தரம் தடிமன் வாறது வழமை, நேசரிக்குப் போற பிள்ளை, வீட்டில ஸ்கூல் போற அண்ணா அக்கா இருக்கிற பிள்ளை எண்டா பத்துப் பன்னிரண்டு கூட வரும். பாக்க வேண்டியது எத்தின தரம் வருது எண்டதை விட எப்பிடி வருது, எப்பிடிப் போகுது எண்டதை. ஒரு கிழமையில தானா மாறி, இடையில துள்ளி விளையாடி, கிளினிக் காட்டில நிறைக் கோடு ஏறிக்கொண்டு போனா அந்தப் பிள்ளையிட நிர்ப்பீடனம் படிச்சுக்கொண்டிருக்குது எண்டு அர்த்தம்.

அப்ப எப்ப யோசிக்கோணும்?

ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு தரம் நியூமோனியா. வருசத்தில நாலு தரமோ அதுக்கு மேலயோ காதில சீழ். அன்டிபயோட்டிக் ரெண்டு மாசம் குடிச்சும் மாறாத சளி, இல்லாட்டி வாயால குடுக்கிற மருந்தில ஒருநாளும் மாறாம ஒவ்வொரு முறையும் வாட்டில மறிச்சு ஊசியால ஏத்த வேண்டி வாறது. தோலுக்கு ஆழத்தில, ஈரலில, எலும்பில, மூட்டில சீழ்க்கட்டு. ஒரு வயசுக்குப் பிறகும் வாய்க்குள்ள வெள்ளையாப் படியிற பூஞ்சை. நிறை ஏறாம நிக்கிறது, விடாத வயித்தோட்டம். குடும்பத்தில ஆரும் சின்ன வயசில தொற்று வந்து செத்திருக்கிறது. இதில ரெண்டு மூண்டு சேந்து இருந்தா பிள்ளை நல்லாத்தானே இருக்கு எண்டு விடாம, பிள்ளை வைத்திய நிபுணரிட்டப் போய் "எதிர்ப்புக் குறைபாடு இருக்குமோ" எண்டு வாய் திறந்து கேளுங்க. நாங்க கேக்கேல்ல. அந்தச் சொல்லே எங்களுக்குத் தெரியாது. உயிரியல் படிப்பிக்கிற எனக்கே தெரியேல்ல எண்டதை நினைச்சா இப்பவும் நெஞ்சு கனக்குது.

உங்கட பெறாமகனுக்கு எப்பிடிக் கண்டுபிடிச்சவை?

அவன் ஆறு மாசம் வரை கொழுகொழு எண்டு இருந்தவன். வயித்தில இருக்கேக்க தாயிட ஐ.ஜி.ஜி எண்ட பிறபொருளெதிரி நச்சுக்கொடி வழியாப் பிள்ளைக்கு வருது, அது ஆறு மாசமளவில தீந்துபோகும், பிறகு பிள்ளை தானாச் செய்யோணும். ஒன்பது மாசத்தில காதில சீழ். பதினாலு மாசத்தில நியூமோனியா, பன்னிரண்டு நாள் வாட்டில. பிறகு திரும்ப காது. ரெண்டு வயசில திரும்ப நியூமோனியா. ஒருக்கா பெரியாஸ்பத்திரி, ஒருக்கா பிரைவேட் டிஸ்பென்சரி, அக்கா வேலைக்குப் போன இடத்தில இன்னொரு டொக்டர். டிஸ்பென்சரியில குளிசையைச் சின்னக் கடதாசி என்வலப்பில போட்டு "மூண்டு நேரம்" எண்டு மட்டும் எழுதித் தருவினம், மருந்துட பேர் இருக்காது. ஒவ்வொரு இடத்திலயும் அண்டைக்கு வந்த வருத்தத்துக்கு மருந்து, அதோட முடிஞ்சுது. ஒரு இடத்தில அக்காவைப் பாத்து "தாய் சரியாச் சாப்பாடு குடுக்கிறேல்ல" எண்டு சொல்லிப்போட்டினம். அவள் அண்டைக்கு முழுக்க அழுதவள்.

மூண்டரை வயசில வலது முழங்கால் வீங்கி, ஊசி போட்டு எடுத்தா உள்ளுக்குச் சீழ். அண்டைக்கு இரவு நான் ஒரு சீ.ஆர் கொப்பியை எடுத்து, அக்காவையும் அத்தானையும் பக்கத்தில இருத்தி, பிறந்த நாளில இருந்து வந்த ஒவ்வொரு வருத்தத்தையும் மாசம் போட்டு எழுதினன். டயக்னோசிஸ் காட், என்வலப், எக்ஸ்ரே எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சுத்தான் எழுதினது. ஒரு பக்கத்தில பதினொரு வரி வந்தது. தனித்தனியாப் பாக்கேக்க எல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் வாற வருத்தம், ஒரே பக்கத்தில பாக்கேக்க எங்களுக்கே கை குளிர்ந்து போச்சு.

அதுக்குப் பிறகும் சரியான ஆளிட்டப் போய்ச் சேர ஒரு வருசம் எடுத்தது. அந்த டொக்டர் கொப்பியை முழுக்க வாசிச்சார், ஒண்டும் கதைக்கேல்ல. பிள்ளையை மடியில இருத்தி, டோர்ச் அடிச்சு வாயைத் திறக்கச் சொல்லி, கனநேரம் பாத்தார். "இவருக்கு டொன்சில் வெட்டினதா?" எண்டார். இல்ல எண்டம். "அப்ப எங்க டொன்சில்?" பிறகு கழுத்து, அக்குள், இடுக்கு எல்லாம் விரலால தடவிப் பாத்திட்டு, "இவ்வளவு காது வருத்தம் வந்திருக்கு, ஒருநாளாவது கழுத்தில நெறி கட்டினதா?" எண்டு கேட்டார். நாங்க ஆளை ஆள் பாத்தம். ஒருநாளும் கட்டினதில்ல. பி கலம் இல்லாட்டி டொன்சிலும் வளராது, நெறியும் கட்டாது. பிறகு ரத்தப் பரிசோதனையில அவனுக்கு ஐ.ஜி.ஜி கிட்டத்தட்ட இல்ல எண்டு வந்தது.

இந்த வருத்தத்தை முதல் விவரிச்சவர் ஒக்டன் புரூட்டன் எண்ட அமெரிக்கப் பிள்ளை வைத்தியர், 1952ல, எட்டு வயசுப் பொடியன் ஒருத்தனில. அவனிட ரத்தத்தில பிறபொருளெதிரிப் புரதமே இல்லை எண்டு கண்டு, மாசாமாசம் அதை ஊசியாக் குடுத்து ஆளைக் காப்பாத்தினவர். பிழையான பரம்பரையலகு எது எண்டு 1993ல தான் கண்டுபிடிச்சது, அதுக்கு அவரிட பேரையே வச்சிருக்கு.

இப்பிடி எத்தின வகை இருக்கு?

பிறப்பில வாறது நானூற்றைம்பதுக்கு மேல. பேர் எல்லாம் பாடமாக்கத் தேவையில்ல, எந்தப் பகுதி பிழைச்சிருக்கு எண்டதைப் பொறுத்து வருத்தம் மாறும். பி கலம் இல்லாட்டி என்ட பெறாமகன் மாதிரி காது, சளி, நியூமோனியா. விழுங்குற வெண்குழியம் விழுங்கியும் கொல்ல ஏலாம இருந்தா ஆழமான சீழ்க்கட்டும் பூஞ்சைத் தொற்றும். ஐ.ஜி.ஏ எண்ட இன்னொரு வகைப் பிறபொருளெதிரி மட்டும் குறைஞ்ச ஆக்கள் கனபேர் ஒரு வருத்தமும் இல்லாம வாழ்ந்து முடிச்சிருவினம். பெரியாக்களாகினாப் பிறகு இருபது முப்பது வயசில பிறபொருளெதிரி குறையிற வகையும் இருக்கு, அதால இது பிள்ளையளிட வருத்தம் மட்டும் எண்டு நினைக்காதீங்க.

டி கலமே இல்லாம பிறக்கிறதுதான் எல்லாத்திலயும் மோசம். 1971ல டெக்சாசில பிறந்த டேவிட் வெட்டர் எண்ட பிள்ளையைக் கிருமி படாம பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள பன்னிரண்டு வருசம் வச்சிருந்தவை. அவனிட சொந்த அக்காட என்பு மச்சையை அவனுக்கு மாத்தினவை, அதுக்குள்ள மறைஞ்சிருந்த ஒரு வைரசால 1984ல செத்துப்போனான். இப்ப இந்த வகையை முதல் மூண்டு நாலு மாசத்துக்குள்ள, தொற்று வர முன்னம் கண்டுபிடிச்சு மச்சை மாத்தினா பத்தில ஒன்பது பிள்ளைக்கு மேல தப்புது.

தடுப்பூசி இந்தப் பிள்ளையளுக்குப் போடலாமா?

கவனமா வாசிங்க. கொல்லப்பட்ட கிருமியில செய்த ஊசியளால ஆபத்தில்ல. உயிருள்ள, ஆனா பலவீனமாக்கின கிருமி உள்ள மருந்துதான் பிரச்சினை. எங்கட நாட்டில பிறந்த உடன, ஆஸ்பத்திரியில இருந்து வெளிக்கிட முன்னமே பி.சி.ஜி போடுறது. அது நல்ல விசயம், காசநோய் மூளைக்குப் போறதைத் தடுக்குது. ஆனா டி கலம் இல்லாத பிள்ளைக்கு அந்த பி.சி.ஜி கிருமியே உடம்பு முழுக்கப் பரவும். ஒரு நாள் பிள்ளையைப் பாத்து ஆருக்கும் தெரியாது. அதால முதல் பிள்ளை ஒண்டு சில மாசத்தில தொற்று வந்து தவறிப்போயிருந்தா, அடுத்த பிள்ளைக்கு வயித்தில இருக்கேக்கயே மிட்வைஃபிட்டயும் கிளினிக் டொக்டரிட்டயும் சொல்லி எழுதிவையுங்க, லேபர் ரூமில திரும்பச் சொல்லுங்க. பி.சி.ஜியைக் கொஞ்சம் பிந்திப் போடுறதா எண்டு அவை முடிவெடுப்பினம்.

போலியோ சொட்டு மருந்தும் அப்பிடித்தான். பி கலம் இல்லாத பிள்ளைக்கு அது குடுக்கிறேல்ல, அதே வீட்டில இருக்கிற மற்றப் பிள்ளையளுக்கும் சொட்டுக்குப் பதிலா ஊசிதான், ஏனெண்டா சொட்டு குடிச்ச பிள்ளையிட மலத்தில அந்த வைரசு கொஞ்ச நாள் வெளிய வரும்.

இதை வாசிச்சிட்டு சுகமான பிள்ளைக்கு ஊசி போடாம விடுறது பெரிய பிழை. என்ட பெறாமகன் மாதிரிப் பிள்ளையளுக்கு சின்னமுத்து வராமல் இருக்க, சுத்தியிருக்கிற உங்கட பிள்ளையள் எல்லாம் ஊசி போட்டிருக்கிறதும் பெரிய காவல்.

சொந்தத்துக்க கலியாணம் கட்டினதால வந்ததா?

எங்கட வீட்டில அப்பிடி இல்ல. இவனுக்கு வந்தது எக்ஸ் நிறமூர்த்தத்தில வாறது. தாய்க்கு ரெண்டு எக்ஸ், ஒண்டு பிழை எண்டாலும் மற்றது சமாளிக்கும். ஆம்பிளப் பிள்ளைக்கு ஒரு எக்ஸ்தான், அது பிழை எண்டா வருத்தம். அந்தத் தாய்க்குப் பிறக்கிற ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மம்மாக்கு ஒரு ஆம்பிளப் பிள்ளை, எங்கட மாமா, நாலு வயசில நெஞ்சுச்சளியில போனவர். வீட்டில கண்ணூறு எண்டுதான் கதைச்சது. படத்தில கூட நாங்க பாத்ததில்ல. இப்ப யோசிச்சா அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்.

வேற கன வகைக்கு தாயிட்ட ஒண்டு தகப்பனிட்ட ஒண்டு எண்டு ரெண்டு பிழையான பிரதி சேரோணும். மச்சான் மச்சாள் கட்டினா ஒரே பூட்டனிட பிழை ரெண்டு பக்கத்தாலயும் வாற வாய்ப்புக் கூட. ரெண்டு பேரும் காவியா, அதாவது தங்களுக்கு வருத்தம் இல்லாம ஒரு பிழையான பிரதியை வச்சிருக்கிற ஆக்களா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு. எங்கட சனத்துக்கயும் சோனகச் சனத்துக்கயும் சொந்தத்துக்க கட்டுறது இருக்கு, கட்டின ஆரையும் குற்றவாளியாக்க நான் சொல்லேல்ல. டொக்டர் கேட்டா மறைக்காமச் சொல்லுங்க, அது அவைக்குப் பெரிய துப்பு.

என்ன டெஸ்ட், எங்க செய்யிறது?

முதல் படி சாதாரண ஃபுல் பிளட் கவுண்ட், எங்கயும் செய்யலாம். எல்லாரும் மொத்த வெண்குழியத்தைப் பாத்திட்டு மடிச்சு வச்சிருவினம், அதுக்குள்ள லிம்போசைட், அதாவது மேல சொன்ன நிணநீர்க்குழியம், எவ்வளவு எண்டு பாக்கோணும். சில மாசமான பிள்ளைக்கு ஒரு மைக்ரோலீற்றருக்கு மூவாயிரத்துக்குக் கீழ எண்டா திரும்பிப் பாக்க வேண்டிய கணக்கு, பெரியாளுக்கு அதே எண் சரியா இருக்கும், அதால வயசுக்கேத்த அளவைக் கேளுங்க. அடுத்தது ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.ஏ, ஐ.ஜி.எம் அளவு. பிறகு பி கலம் டி கலம் எண்ணுறது. கொழும்பு பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில, எம்.ஆர்.ஐ எண்டு சொல்லுறது, நிர்ப்பீடனவியல் பிரிவு இருக்கு, உங்கட டொக்டர் கடிதம் தந்து அனுப்புவார். இங்க இருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல, நாங்க இரவு ரெயிலில போறனாங்க. பழைய காட் எல்லாம், முக்கியமா அந்தக் கொப்பி, கையில இருக்கோணும்.

சுகமாக்க ஏலுமா?

வகையைப் பொறுத்தது. டி கலம் இல்லாத வகைக்கு மச்சை மாத்துறது. விழுங்குற கலத்தில பிழை எண்டா தினமும் தடுப்பு மருந்து. பி கலம் இல்லாத பிள்ளைக்கு இமியூனோகுளோபுலின், அதாவது மற்ற ஆக்களிட ரத்தத்தில இருந்து எடுத்த பிறபொருளெதிரி, மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா சேலைன் மாதிரி மெதுவா ஏத்துறது. நிறையில ஒரு கிலோவுக்கு 400 தொடக்கம் 600 மில்லிகிராம், அதால பிள்ளை வளர வளர அளவும் கூடும். ஐ.ஜி.ஜி மூண்டு கிழமையில பாதியாக் குறையும், அதாலதான் அந்த இடைவெளி. ஒரு தொகுதி மருந்து செய்ய ஆயிரக்கணக்கான ஆக்கள் குடுத்த ரத்தத்தில இருந்து பிளாஸ்மா எடுக்க வேணும், விலை சரியான கூட. 2023ல தரமில்லாத இமியூனோகுளோபுலின் நாட்டுக்குள்ள இருந்த விசயம் வெளிய வந்து அது கோட் வரை போனது. மற்ற ஆக்களுக்கு அது ஒரு பேப்பர் செய்தி. ஏத்திக்கொண்டிருக்கிற போத்தலைப் பாத்துக்கொண்டு பக்கத்தில இருந்த எங்களுக்கு அந்த மாசம் நித்திரை இல்ல.

இது எயிட்ஸா டீச்சர்?

ஒரு தாய் என்ட காதுக்குள்ள கேட்டவ. இல்ல. எச்.ஐ.வி ஒரு வைரசு, வெளிய இருந்து வந்து சி.டி.4 எண்ட டி கலத்தை வருசக்கணக்காக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்குது, அந்த எண்ணிக்கை 200க்குக் கீழ இறங்கினா எயிட்ஸ் எண்டு சொல்லுறது. பிறப்பில வாற குறைபாடு ஆருக்கும் தொத்தாது. எச்.ஐ.வி கூட கோப்பை, துவாய், நுளம்பு, கட்டிப்பிடிக்கிறது எதாலயும் தொத்தாது. உடலுறவு, ரத்தம், தாயிட்ட இருந்து பிள்ளைக்கு, அவ்வளவுதான் வழி. இலங்கையில கர்ப்பிணித் தாய்மார் எல்லாருக்கும் ரத்தம் பாத்து, தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் போறதை இல்லாமல் ஆக்கினதை 2019 டிசம்பரில உலக சுகாதார நிறுவனமே உறுதிப்படுத்தினது. மருந்து இலவசம், ஒழுங்காக் குடிச்சு வைரசு கண்டுபிடிக்க ஏலாத அளவுக்கு இறங்கினா உடலுறவாலயும் மற்றவைக்குப் போகாது. எச்.ஐ.வி உள்ள ஆக்களை ஒதுக்குறதும் எங்கட பிள்ளையை ஒதுக்குறதும் ஒரே அறியாமையில இருந்து வாறது.

பெரியாக்களுக்கு எதிர்ப்பு சக்தி ஏன் குறையுது?

சீனி வருத்தம். அதை நான் முதல்ல சொல்லுவன். சீனி கட்டுப்பாட்டில இல்லாட்டி நியூட்ரோபில் மந்தமாகும். தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயலுக்குள்ள இறங்குற ஆக்கள் மெலியோய்டோசிஸ் எண்ட பேரை ஒருக்கா கேட்டு வையுங்க. மண்ணிலயும் சேத்துத் தண்ணியிலயும் இருக்கிற பற்றீரியா, மழைக் காலத்தில கூட, இலங்கையில 1927லயே பதிவாகியிருக்கு. சுகமான ஆளுக்குப் பெரும்பாலும் ஒண்டும் செய்யாது, சீனி உள்ளவருக்கு நியூமோனியா, ஈரலில சீழ்க்கட்டு எண்டு வரும், காசநோய் மாதிரியும் தெரியும். வழமையான அன்டிபயோட்டிக் கனக்க அதுக்கு வேலை செய்யாது. சீனி இருந்தா, காலில வெடிப்பிருந்தா பூட்ஸ் போடுங்க, காய்ச்சல் வந்தா வயலில வேலை செய்யிறதை டொக்டரிட்டச் சொல்லுங்க.

பிறகு பிரெட்னிசொலோன் மாதிரி ஸ்டீரொய்ட் கனநாள் குடிக்கிறது, புற்றுநோய் மருந்து, கிட்னி மாத்தின ஆக்கள் குடிக்கிற மருந்து. ஸ்டீரொய்டை நீங்களா நிப்பாட்டவும் கூடாது, அது வேற ஆபத்து. மண்ணீரல் எடுத்த ஆக்கள், விபத்திலயோ தலசீமியாவிலயோ, காய்ச்சல் வந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும், நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்கக்கூடாது.

உலகத்தில கூடுதலான பேருக்கு எதிர்ப்பைக் குறைக்கிறது சாப்பாட்டுக் குறைவுதான். 2022ல சாமான் விலை ஏறினபோது முதல்ல குறைஞ்சது பிள்ளையளிட கோப்பையில முட்டையும் மீனும். விலையான டின் மா தேவையில்ல, சூடை மீன், பருப்பு, முருங்கையிலை, முட்டை போதும்.

மல்லித்தண்ணி, இமியூனிட்டி பூஸ்டர் எல்லாம்?

மல்லி அவிச்சுக் குடிச்சா தொண்டைக்கு இதம், குடியுங்க, நானும் குடிக்கிறன். இல்லாத பி கலத்தை அது உண்டாக்காது. 2020 டிசம்பரில கேகாலையில கொரோனாப் பாணி வாங்க ஆயிரக்கணக்கில சனம் நெருக்கிப்பிடிச்சு நிண்டதை டீவியில பாத்தனாங்க, எதிர்ப்பு தேடிப் போய் தொற்று வாங்குற மாதிரி. இன்னொண்டு, எதிர்ப்பு கூடினா நல்லது எண்டும் இல்ல. தேவையில்லாததுக்கு எதிர்த்தா அலேர்ஜி, சொந்த உடம்பையே எதிர்த்தா லூபஸ், மூட்டுவாதம்.

உங்கட பெறாமகன் இப்ப எப்பிடி? ஸ்கூலுக்குப் போறவரா?

போறான், ரெண்டாம் வகுப்பு. மருந்து தொடங்கினாப் பிறகு ஒருக்காலும் வாட்டில மறிக்கேல்ல. தண்ணி கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறது, காதில தண்ணி போகாமப் பாக்கிறது, காய்ச்சல் வந்தா பனடோலோட இருக்காம உடன காட்டுறது, அவ்வளவுதான் வித்தியாசம். மாசத்தில ஒரு நாள் லீவு, வகுப்பு டீச்சருக்கு ஏன் எண்டு தெரியும். கடலுக்க இறங்குறான், சைக்கிள் ஓடுறான், போன கிழமை விழுந்து முழங்கால் உரஞ்சிக்கொண்டு வந்து "சித்தி, எனக்கு நெறி கட்டுமா?" எண்டு கேட்டவன். கட்டாது எண்டு சொல்லி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்து கட்டி, திகதியைக் கொப்பியில எழுதி வச்சன். இப்ப மூண்டாவது கொப்பி.